மகளின் மூச்சு

தீநுண்மி புகுந்த நுரையீரல், திரையில் வெண்ணிற நெடுங்கோடுகளாகத் தோன்றும் என்பதை அக்காலத்தில் சிறுவரும் அறிந்திருந்தனர். ஆகவே, மகப்பேறு மனையின் வாயிலில் செவிலி சுயம்புக்கனி ஞானதிரவியத்தின் விலாவில் மீயொலிக் கருவியை வைத்தபோது, அவனும் அக்கோடுகளைக் கண்டுகொண்டான்.

"ஒரு தும்மல்கூட இல்லையேம்மா."

"தும்மல் நாளைக்கு வரும்ண்ணே. நீங்க அறைக் கண்ணாடிக்கு வெளியவே நில்லுங்க."

மகள் பிறந்தது முதல் அவளை மார்பிலிருந்து இறக்காதவன் அவன். அவளுக்கும் தொற்றியிருக்குமோ என்னும் அச்சத்தில் கண்ணாடியின்மீது நெற்றியை ஊன்றி நின்றான்.

சுயம்புக்கனி முதலில் அவன் மனைவி பெனிட்டாவைச் சோதித்தாள், கோடுகள் இல்லை. அடுத்து, கருவியின் முனையை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக் குழந்தையின் மார்பில் வைத்தாள். திரையில் அவளுடைய நுரையீரல், மூச்சுக்கேற்ப நீரலைபோல வழுக்கி நகர்ந்தது. தான் பெற்ற மகளின் மூச்சுக்கு இப்படியும் ஓர் உருவம் உண்டா என்று அவன் வியந்து நோக்கினான். ஒரு வெண்கோடும் தென்படவில்லை.

பெனிட்டா கைபேசியில் அழைத்தாள். "பிள்ளை அச்சு அசல் உங்க ஜாடைன்னு வீடுவீடாப் பீத்துனீகளே. இப்ப என்ன சொல்லுதீக?"

"கோடு இல்லாததுல உன் ஜாடைதாம்ட்டி," என்று ஞானதிரவியம் நிறைந்த மனத்துடன் ஒப்புக்கொண்டான்.