லீவு நாள்

"என்னங்க, கடலுக்கு வந்துட்டு கடலுக்கே முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

"வெயில் கண்ணுல அடிக்குது."

"சூரியன் இப்பத்தான் உங்களுக்கு நேர் முன்னாடி இருக்கு."

அவர் திரும்பி உட்கார்ந்தார். அச்சகத்தில் இருபது வருஷம் பிழை திருத்திய மனிதர். அடுத்தவர் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடித்துவிடுவார். சொந்தமாக ஒரு பொய் சொல்லத்தான் வராது.

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, கடலுக்குக் கூட்டிப்போனால்தான் ஆச்சு என்று மனைவி காலையில் ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள்.

"மிருகக்காட்சி சாலைக்கு வேணா போலாமா?" என்று இழுத்துப் பார்த்தார்.

"அதான் தினமும் வீட்டுலயே பார்க்கிறேனே."

அத்தனை நீளக் கரையில் அவள் நேராகப் போய் உட்கார்ந்தது இந்த மரத்தடியில்.

"கொஞ்சம் தள்ளிப் போயிடலாமா?"

"ஏன், இங்க நிழலுக்கு என்ன குறைச்சல்?"

ஒரு குறைச்சலும் இல்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அச்சகத்தை இழுத்துப் பூட்டிப் பத்து நாளாகிறது. காலை எட்டரைக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, மாலை ஐந்தரை வரை அவர் 'வேலை பார்ப்பது' இங்கேதான். பாதிப் பொழுது விண்ணப்பம் எழுதுவார். மீதிப் பொழுது கடலை வெறித்துக்கொண்டிருப்பார். இன்னொரு வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம், அதுவரை அவளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்பது அவர் கணக்கு.

"வாங்க, கடல் ஒண்ணும் கடிச்சிடாது." மனைவி கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பெரிய அலை ஒன்று இருவரையும் இடுப்புவரை நனைத்துவிட்டுப் போனது. அவள் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளை இப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. இப்போதே சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தார்.

அந்த நேரம் பார்த்து டீக்காரர் வந்தார். இந்தப் பத்து நாளாக அவருக்கு டீ ஊற்றுகிறவர். கைக்கொரு பிளாஸ்க்கும் வாய் நிறையச் சிரிப்புமாக நேராக இவர்களை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார்.

மனைவி குனிந்து புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவர் சட்டென்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். கண்ணாலேயே கெஞ்சினார். டீக்காரர் புரிந்ததென்று தலையாட்டினார். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சார், டீ வேணுங்களா?" முன்பின் பார்க்காதவர் மாதிரியே கேட்டார் டீக்காரர்.

"ரெண்டு குடுங்க."

அவரிடம் ஒரு டீயை நீட்டிவிட்டு, டீக்காரர் இன்னொரு பிளாஸ்க்கைத் திறந்தபடி மனைவி பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு வழக்கம்போல சர்க்கரை இல்லாததுதானே அக்கா? தினமும் அந்தப் படகுக்குப் பின்னாடி ஒளிஞ்சு உக்காந்து, சார் மேல வச்ச கண்ணை எடுக்காம இருப்பீங்களே. இன்னைக்காவது பக்கத்துல வந்தீங்களே, அதுவே போதும்."