விஷம் வைத்தவர்

"விஷம்தான்னு உங்க வாயால சொல்லிடுங்க டாக்டர். மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

கால்நடை மருத்துவமனையின் சிமெண்டு மேடையில் செத்த கோழியைக் கிடத்திவிட்டு, அவள் இடுப்பில் கை ஊன்றி நின்றாள். பின்னால் அவளுடைய அப்பா, எத்தனை சோப்புப் போட்டாலும் கறுப்புப் போகாத விரல்களைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அறுத்துப் பார்க்காம எப்படிம்மா சொல்றது? யார் மேலயாவது சந்தேகமா?"

"சந்தேகம் என்ன, நிச்சயமே. பக்கத்து மாடிவீட்டுக்காரர். எங்க வீட்டுப் புகை அவர் மூக்குக்கு ஆகாது, எங்க கோழி அவர் கண்ணுக்கு ஆகாது. சுவர் மேல எட்டிப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? 'கோழியைக் கட்டிப் போடு, கொல்லைல விட்டா செத்துடும்'னார். அதோட விட்டாரா? 'இன்னைக்குக் கோழி, நாளைக்கு இந்தப் பிள்ளை'ன்னு வாய் கூசாம சொன்னார்."

"எந்தப் பிள்ளை?"

"எங்க அக்கா மக. வெளியில உக்காந்திருக்கா."

வராந்தா பெஞ்சில் இருந்த நாலு வயதுக்காரிக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். காக்காய், பால்காரர், சுவர்க் கடிகாரம் என்று ஒருவரையும் விடாமல் வம்புக்கு இழுத்தவள். இப்போது எதைக் கேட்டாலும் தலையாட்டுவதோடு சரி. சில நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுகிறாள். மருந்துக்கடைக்காரர், "பயந்துபோயிருக்கா, சத்தா ஏதாவது குடுங்க, தேறிடுவா" என்றிருந்தார். பயமுறுத்தியது யார் என்று சித்திக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அவர் போட்ட சத்தத்துல அடங்கினவதான் டாக்டர். முதல்ல பிள்ளை வாயை அடைச்சார், இப்போ கோழி மூச்சை அடைச்சுட்டார். மாடி வச்சுட்டா என்ன வேணா செய்யலாமா? எங்க வீட்டுலயும் இப்போ ஒருத்தி படிச்சிருக்கா. ஸ்டேஷன்ல போய் நிப்பேன்."

"விடும்மா. நமக்கெதுக்கு..." என்றார் அப்பா.

"நீங்க விட்டு விட்டுத்தான்பா எல்லாரும் நம்ம தலைல ஏறி உக்காந்திருக்காங்க!"

சத்தம் கேட்டு வாயாடி வாசலில் வந்து நின்றாள். மேடையில் கிடந்த கோழியைப் பார்த்ததும் உதடு துடித்தது, குரல் வரவில்லை. சித்தி ஓடிப்போய் குழந்தையைத் தூக்கிப் பெஞ்சில் உட்காரவைத்து, பையிலிருந்த டப்பாவைத் திறந்து மடியில் வைத்தாள். "சித்தி இதோ வந்துடறேன். சமர்த்தா சாப்பிட்டுட்டு இரு, தங்கம்."

அவள் திரும்பி வந்தபோது டாக்டர் கத்தரிக்கோலை எடுத்திருந்தார்.

"எப்போலேர்ந்து சோர்வு?"

"ஒரு வாரமா தலையைத் தொங்கப்போட்டுது. கால் தள்ளாடிச்சு. தீனியை மோந்துகூடப் பார்க்கலை."

டாக்டர் இரைப்பையைக் கீறினார். பொடிக்கற்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் சில துணுக்குகள் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கத்தரிக்கோல் முனையால் சுரண்டினார். பளபளத்தது.

"விஷம்தான்."

"கேட்டுக்கிட்டீங்களாப்பா!"

"இரும்மா, முழுசாக் கேளு. இது ஈயம். கோழிக்குப் பல் கிடையாது, பொடிக்கல்லை முழுங்கி அதை வச்சுத்தான் தீனியை அரைக்கும். கல்லுன்னு நினைச்சு இதைக் கொத்தியிருக்கு. ஒரே நாள்ல யாரும் வச்ச விஷமில்லை இது. மாசக்கணக்கா தின்னிருக்கு. உங்க பக்கத்துல யாராவது ஈயத்துக்காகப் பழைய பேட்டரி உடைக்கிறாங்களா?"

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். அவர் ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தாங்க. வேலை பார்த்த பேட்டரிப் பட்டறையை மூடினதுலேர்ந்து கொல்லைல வச்சுத்தான் உடைச்சு உருக்குறேன். இவ காலேஜ் படிப்பே அந்த அடுப்புலதாங்க..."

முடிக்காமல் விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சுவர் மேலிருந்து வந்த குரல் அவள் காதில் மறுபடியும் கேட்டது. இந்த முறை அதில் மிரட்டல் இல்லை, பதற்றம் இருந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "கோழி போனது போகட்டும். ரத்தத்துல ஏறின ஈயம் முட்டையோட மஞ்சள் கருவுலயும் இறங்கும். நாமளாவது தாங்குவோம், சின்னப் பிள்ளைங்க தாங்காது. வயித்து வலி வரும், மூளையைத் தொடும், வந்த பேச்சுகூட நின்னுபோகும். முட்டையெல்லாம் யார் சாப்பிட்டீங்க?"

அப்பா அவளைப் பார்த்தார். அவள் வராந்தாவைப் பார்த்தாள்.

வாயாடி டப்பாவைக் காலி செய்திருந்தாள். உதட்டோரம் ஒட்டியிருந்த மஞ்சள் கருவைப் புறங்கையால் வழித்து நக்கிவிட்டு, இன்னொன்று வேண்டும் என்று சித்தியிடம் கையை நீட்டினாள்.