மூணாம் பாகத்துப் பேய்

மதியம் சாப்பிட்ட கை காயுமுன்னே பால்ச்சாமி உள்ரூமுக்குப் போயிட்டார். இனி சாயங்காலக் காப்பிக்குத்தான் வெளியே வருவார்.

ஆனந்தவல்லி சன்னல் வழியா எட்டிப் பார்த்தாள். காதுல பெரிய ஹெட்போன். முன்னால அந்தப் பழைய லேப்டாப். திரையில ஒரு இருட்டு வீடு, அதுக்குள்ள என்னமோ ஊருது. கண்ணுல தண்ணி வழிய, மனுசன் பொத்தானைத் தட்டிக்கிட்டு இருக்கார்.

இருபத்திரண்டு வருசம் பட்டாளத்துல இருந்தவர். பனியில துப்பாக்கியோட நின்னவர். அவருக்கு இந்த வயசுல பேய் விளையாட்டு!

பக்கத்து வீட்டு மாடத்தி வேற வந்து வத்தி வச்சாள்.

"ஏட்டி, ஒம் புருசன் தனியாப் பேசுதாரு. 'வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்'ங்காரு. ஆரைச் சொல்லுதாரு? செத்த நேரம்கூடத் தாமதிக்காத. இருக்கங்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி விபூதி போட்டுட்டு வா."

ஆனந்தவல்லி செருப்பை மாட்டினாள். நேரா மாரிசெல்வத்தோட கம்ப்யூட்டர் கடைக்கு நடந்தாள்.

"ஏன் தம்பி, அந்தக் கருமத்தை நீதான் போட்டுக் குடுத்தியா?"

"நாந்தான்க்கா. ஆனா அண்ணாச்சியே கேமு பேரைத் துண்டுச் சீட்டுல எழுதிக் கொண்டாந்தாவ. லேப்டாப்பு நம்ம வெங்கடேஸ்வரிக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்ததுல்லா? லினக்ஸ்தான் இருக்கு. இந்தக் கேமு அதுல ஓடாது, எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுத் தாரேன்னேன். உள்ள இருக்கதுல ஒரு எழுத்து அழியக்கூடாதுன்னு சத்தம் போட்டாவ. ரெண்டு நாள் மல்லுக்கட்டி லினக்ஸ்லயே ஓட வச்சேன்."

மகள் பேரைக் கேட்டதும் ஆனந்தவல்லி அக்கம்பக்கம் பார்த்துக்கிட்டாள். மூணு வருசமா வீட்டுல யாரும் சொல்லாத பேரு அது. தனக்குப் பிடிச்ச பையனைக் கட்டிக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ல குடியிருக்கா. ராஜபாளையத்துல பஸ் ஏறினா அரைமணி நேரம். வெள்ளிக்கிழமைதோறும் ஆண்டாளைச் சேவிக்கப் போறேன்னு சொல்லிட்டு, ஆனந்தவல்லி மகளைத்தான் பார்த்துட்டு வருவாள்.

அடுத்த வாரம் அவளுக்கு வளைகாப்பு. "அப்பாவும் வரணும்மா. நீதான் கேக்கணும்"னு அழுதிருக்கா. இந்த மனுசன் பேயோட குடித்தனம் நடத்துறார். எந்த நேரம் பார்த்துக் கேக்க?

"இது நாடகம் மாதிரி பாகம் பாகமா வரும்க்கா," மாரிசெல்வம் சொல்லிக்கிட்டே போனான். "அண்ணாச்சி மூணாம் பாகத்துல நிக்காவ. அதுல ஒரு கதவு. வெளிய இருந்து பேய் கூப்பிடும். திறக்காம இருந்தா ஜெயிச்சு அடுத்த பாகத்துக்குப் போயிரலாம். திறந்தா செத்தோம், மறுபடி முதல்ல இருந்து. அண்ணாச்சி தினம் திறந்துருதாவ. எம்புட்டோ சொல்லிட்டேன். தலையைத் தலையை ஆட்டுதாவ, பொறவும் திறக்காவ."

ஆனந்தவல்லிக்கு ஒண்ணும் பிடிபடலை. சீட்டுல ஒரு கை தோத்தாலே ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிற ஆளு. ஜெயிக்கிற வழி தெரிஞ்சும் தினம் போய்த் தோக்குறாரா? மாடத்தி சொல்றதுதான் சரியோ?

வீட்டுக்குள்ள நுழைஞ்ச வேகத்துல ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள்.

"போதும்! தெருவே சிரிக்குது. பெத்த மக இருக்காளா, செத்தாளான்னு ஒருநாள் கேட்டிருப்பீயளா? இந்தப் பேய்க்கு மட்டும் கண்ணீர் வருதோ?"

லேப்டாப்புல இருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா... கதவைத் திறங்கப்பா. நாந்தான்ப்பா."

ஆனந்தவல்லி குனிஞ்சு திரைக்குப் பக்கத்துல காதை வச்சாள்.

"ஏங்க... இது நம்ம வெங்கடேஸ்வரி குரலு."

"அவளேதான். கேமுக்குக் குரல் குடுக்கிற வேலை கிடைச்சிருக்குன்னு ஒம் போனுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தா. கேமு பேரும் போட்டிருந்தா. ஒனக்கு விளங்கலை, விட்டுட்ட. நான் பார்த்து எழுதி வச்சுக்கிட்டேன்."

"அப்ப, நான் வெள்ளிக்கிழமை போறது..."

"ஏட்டி, மூணு வருசமா கோயிலுக்குப் போறவ ஒரு துளசி இலையாவது கொண்டாந்திருக்கியா?"

அவளுக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியலை.

"வளைகாப்பும் தெரியுமா?"

"தெரியும். நீ கூப்பிடுவேன்னுதான் நாலு நாளா வேட்டியத் தேச்சு வச்சுட்டு உக்காந்திருக்கேன். நீ வாயே திறக்க மாட்டேங்குற."

லேப்டாப்புல மறுபடியும் குரல். "அப்பா..."

"இந்தா வந்துட்டேன்"னு சொல்லி பால்ச்சாமி பொத்தானைத் தட்டினார். கதவு திறந்தது. திரை முழுக்க ரத்தச் சிவப்பு.

"திறக்கக்கூடாதாமேங்க. திறக்காம இருந்தாத்தான் ஜெயிக்கலாம்னு மாரிசெல்வம் சொல்றான்."

பால்ச்சாமி துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டார்.

"கழுத்துல தாலியோட நம்ம வாசல்ல நின்னு அவ இதே மாதிரி கூப்பிட்டப்ப, திறக்காம இருந்து ஜெயிச்சவன்தானே நான்."