வலது கன்னத்துத் தழும்பு

தப்பியோடிய கொலைகாரனின் போட்டோவைப் பார்த்து, பத்திரிகையில் அச்சடிக்க அவன் முகத்தை மரக்கட்டையில் செதுக்கியது உளி. அச்சான தாளைக் கண்டதும் போட்டோ பதறியது.

"அடப்பாவி! அவனுக்கு இடது கன்னத்திலதானே தழும்பு? வலது கன்னத்துக்கு மாறிப்போச்சே!"

"உன்னை அப்படியே செதுக்கிட்டேன். அச்சுல இடம் வலமாத் திரும்பும்னு மறந்துபோச்சு. விடு, யாரு அவ்வளவு உத்துப் பார்க்கப்போறா?"

ஊரே உற்றுப் பார்த்தது. மூன்றாம் நாள், பிடிபட்டவனின் போட்டோ என்று புதிதாக ஒன்று மேசைக்கு வந்தது. கையில் விலங்கு, வலது கன்னத்தில் தழும்பு.

"நான் சட்டிப்பானை விக்கிறவன்யா! யாரையும் கொல்லலை!" என்று அது கதறியது.



உளி புதியவனையும் அச்சுத்தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பழைய போட்டோவிடம் சொன்னது:

"பார்த்தியா? நான் செதுக்கினதுதான் சரி!"