மூலப்பொருள்

நுவரெலியா ஹோட்டல் மேனேஜர் தோட்டத்து லயத்து வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். தேயிலைக் கொழுந்து பறிக்கும் விரல்களில் ஏறிய கறையை லோஜினியின் சோப்பு போக்கினால், மாதம் முந்நூறு எடுத்துக்கொள்வார். போகாவிட்டால் அவள் அடுப்படியில் காய்ச்சியதெல்லாம் வீண்.

"எங்க சோப்போட மூலப்பொருளே நம்பிக்கைதான் சார்!" என்றான் அவள் கணவன் வினோஜன். விசிட்டிங் கார்டில் நிர்வாக இயக்குநர். குரல் முழங்கியது.

அவன் மாமியார் அம்மாக்கண்ணு கறுத்த விரல்களை நீட்டினாள். லோஜினி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, சோப்பைத் தேய்த்தாள். நுரை கறுத்தது, கை வெளுத்தது.

"அருமை! அடுத்த வாரமே அனுப்பிடுங்க" என்று மேனேஜர் வேனில் ஏறினார்.

வினோஜனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "தப்பிச்சோம் அத்தை! காலையில கொழுந்துக் கறைக்குப் பதிலா அடுப்புக்கரியைப் பூசிக்கச் சொன்னேனே, இல்லாட்டி மானம் போயிருக்கும்."

"அதை அப்பவே பீலியில கொட்டுற தண்ணியில கழுவிட்டேங்க மாப்பிள்ளை. பெரிய மனுசரு முன்னாடி கரிக்கையோட நிக்கிறதா? அரைநாள் மலையில நெசமாவே கொழுந்து எடுத்துட்டுத்தான் வந்தேன். மக காய்ச்சுன சோப்பு, கறை போகாமலா இருக்கும்?"

லோஜினி செம்பைக் கீழே வைத்தாள்.

"என்ன கரிங்க, டைரக்டர் சார்?"