சரசம்மாவின் டயட்

"மூக்கு ஒழுகுது, கண்ணு சிவந்து கெடக்கு. இதுல டயட்டு ஒண்ணுதான் குறைச்சல்!" என்றாள் சென்னம்மா, டிபன் பாக்ஸைக் கையில் எடுத்தபடி.

சரசம்மா தும்மலை அடக்கிக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஓசூர் சிப்காட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிற சின்னக் கம்பெனி. பன்னிரண்டரைக்கு மணி அடித்தால் எல்லோருக்கும் அரை மணி நேரம் சாப்பாடு. ஆனால் மெஷினை நிறுத்த முடியாது. நிறுத்தினால் உருகிய பிளாஸ்டிக் உள்ளேயே இறுகிப் போகும். யாராவது ஒருத்தர் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டவர் ஒரு மணிக்கு மேல் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். மெஷின் பக்கத்தில் வைத்துச் சாப்பிட அனுமதி கிடையாது.

வழக்கமாக முறை வைத்து நிற்பார்கள். இந்த மாதம் தினமும் சரசம்மாதான்.

"நான்தான் மத்தியானம் சாப்பிடறதில்லையே. கேன்டீன் பக்கம் போனா சாம்பார் வாசனைக்குக் கை நீளும். இங்கியே இருந்துக்கறேன்" என்று சொல்லியிருந்தாள்.

நாற்பது வயதில் என்ன டயட் என்று எல்லோரும் கேட்டாயிற்று. பொங்கலுக்கு மறுநாள் யாரோ கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலைக்கூட அவள் தொடவில்லை. மாசியில் மகளுக்குக் கல்யாணம், சம்பந்தி வீட்டார் முன்னால் ஒல்லியாக நிற்க ஆசை என்று சென்னம்மாதான் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். சரசம்மா அதற்கும் சிரித்துவைத்தாள். பிறகு கம்பெனி முழுக்க அதுதான் பேச்சு.

அவளோடு அதே மெஷினில் வேலை பார்க்கிற ஃபரீதாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அக்கா, அக்கா என்று ஆறு வருஷமாகச் சுற்றி வருகிறவள். தொண்ணூற்றேழாம் வருஷத்து ரம்ஜான் ஜனவரிக் குளிரில் வந்திருந்தது. ஃபரீதா ஒரு நோன்பையும் விடவில்லை. பன்னிரண்டரை மணி அடித்ததும் ஸ்டோர் ரூமில் அட்டையை விரித்து மதியத் தொழுகையான லுஹரைத் தொழுதுவிட்டு, மிச்ச நேரம் அப்படியே தலை சாய்ப்பாள். அந்த அரை மணி இல்லாவிட்டால் சாயங்காலம் வரை நிற்கத் தெம்பு இருக்காது.

அன்று அவள் உடனே போகவில்லை. ஒரு தூக்குப் போசியை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, மிளகு ரசம் போட்டுக் கரைச்ச சோறு. விடியறதுக்கு முன்ன சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தப்பவே உனக்குன்னு தனியா வெச்சேன். கேன்டீன்ல போய் ரெண்டு வாய் சாப்புட்டுட்டு வா."

"வேணாம் ஃபரீதா. சாயந்தரம் வீட்டுல சாப்புட்டுக்கறேன்."

"உடம்பு நெருப்பா சுடுது. மெஷினை நான் பாத்துக்கறேன், நீ போ."

"நீயா?" சரசம்மாவின் குரல் சட்டென்று உயர்ந்தது. "நீ ஒண்ணும் பாக்க வேணாம். போ, தொழுகைக்கு நேரமாச்சு."

"அப்ப இதைக் குடிக்கவாவது..."

"வேணாங்கறேன்ல! போடி!"

ஃபரீதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் வயிறு காய்ந்து கிடக்க, இருட்டில் எழுந்து இன்னொருத்திக்காக ரசம் வைத்தவள் அவள். கோபம் வராமல் என்ன செய்யும்?

"நான் அல்லாவுக்காகப் பட்டினி கெடக்கறேன்க்கா. நீ கண்ணாடிக்காகக் கெடக்கற. நோன்பு மாசத்துல இப்படி ஒரு பட்டினியைப் பக்கத்துல நின்னு பாக்கவே எனக்குக் கூசுது."

சரசம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இருமல்தான் வந்தது.

ஃபரீதாவுக்கு அன்று தொழுகையில் மனசு நிற்கவில்லை. சொன்னது அதிகம் என்று தோன்றியது. இல்லை, சொல்லத்தான் வேண்டும் என்றும் தோன்றியது. ஒரு மணிக்குத் திரும்பி வந்தபோது சரசம்மா மெஷின் கம்பியைப் பிடித்தபடி தரையில் சரிந்து கிடந்தாள்.

நாலு பேராகத் தூக்கி ஆபீஸ் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். காய்ச்சல் நூற்றிரண்டு இருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடியே இளைச்சுப் போயிட்டா" என்றாள் சென்னம்மா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஃபரீதா சூப்பர்வைசர் கிருஷ்ணப்பனிடம் போனாள்.

"ஏன் சார், உடம்பு சரியில்லைன்னு தெரியுதில்ல? முறை வெச்சு ஆள் மாத்தக் கூடாதா? தினமும் அக்காவையே ஏன் நிக்க வெக்கறீங்க?"

"நான் எங்கம்மா நிக்க வெச்சேன்?" கிருஷ்ணப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நோன்பு தொடங்குன அன்னிக்கு, லிஸ்ட்ல மாசம் பூரா உன் பேரைத்தான் எழுதுனேன். நீதான் சாப்புடறதில்லையே, உனக்கு எதுக்கு சாப்பாட்டு நேரம்னு. சாப்பிடாத ஆள் நின்னா ஒரு மணிக்கு மேல யாரையும் அனுப்ப வேண்டியதில்ல, வேலையும் நிக்காது. மேனேஜரும் சரின்னுட்டாரு."

ஃபரீதா பெஞ்சில் கிடந்த சரசம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ பாக்கறதுக்கு முன்னாடியே அந்தம்மா லிஸ்ட்டைப் பாத்துட்டு நேரா எங்கிட்ட வந்துச்சு. 'அவ தொழுவணும் சார். அவ பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க. இன்னிக்கிலேர்ந்து நானும் மத்தியானம் சாப்புடறதில்ல'ன்னு சொல்லுச்சு."