மூன்று மணிக்கு ஒரு கப்புச்சினோ

"காபிக் கடைக்காரர் என்னைத் திட்டினார் டீச்சர். நீங்க சொன்ன மாதிரியே திட்டினார். ஆனா இங்கிலீஷ்ல திட்டிட்டார்!"

ஹெல்வி கைப்பையை மேசைமேல் தொப்பென்று போட்டாள். அறுபதைத் தொடப்போகும் அந்தப் பின்லாந்துக்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இத்தாலியின் மோனோப்போலி ஊரில், துறைமுகத்துக்கு எதிரே, மாடி அறை ஒன்றில் வெளிநாட்டுக்காரர்களுக்கு இத்தாலிய மொழி சொல்லித் தருபவர் டொனாத்தா டீச்சர். புத்தகத்தைத் தொடவே விடமாட்டார். காலையில் மீன் சந்தை, மாலையில் கடற்கரை நடை, எல்லாமே பாடம்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பால் விட்ட காபி கேட்டால் அந்த ஊரில் யாரும் சும்மா விடமாட்டார்கள். வயிறு என்னத்துக்கு ஆகும் என்று பிடிபிடியென்று பிடித்துவிடுவார்கள். மூன்று மணிக்குப் போய் ஒரு கப்புச்சினோ கேட்டு, திட்டு வாங்கி, பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு வருவதுதான் ஹெல்விக்கு அன்றைய வீட்டுப்பாடம்.

"மீன்காரர் வீத்தோவும் அப்படித்தான். ஆக்டோபஸ் எப்படி மெத்துனு வேகும்னு கேட்டேன். பாறையில அடிக்கறதிலேர்ந்து அடுப்பிலேர்ந்து இறக்கற வரைக்கும் இங்கிலீஷ்லயே சொல்லி முடிச்சார். இந்த ஊர்ல என்கூட இத்தாலியன் பேச ஒரு ஆள் கிடையாதா?"

"பொறுமையா இருங்க ஹெல்வி..."

"எப்படி டீச்சர் பொறுமையா இருக்கறது? ஞாயித்துக்கிழமை இந்த ஊர்ச் சம்பந்தி வீட்டு விருந்து. இன்னும் நாலே நாள். சம்பந்தியம்மாவுக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாது. நான் அங்கே போய் ஊமை மாதிரி சிரிச்சுக்கிட்டு உட்காரணுமா? எனக்கு இருக்கறது ஒரே பையன்!"

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது.

"எழுந்திருங்க. கொசிமோவை ஒரு கை பார்த்துடலாம்."

காபிக் கடைக்காரர் கொசிமோவுக்கு நாற்பத்தைந்து வயது, நல்ல தொந்தி, முக்கால் வழுக்கை. டீச்சர் உள்ளே நுழைந்ததும் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த வீத்தோவும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏன்டா கொசிமோ, இந்த அம்மா உன் கடைக்கு எதுக்கு வர்றாங்க?"

"காபி குடிக்க, டீச்சர்."

"பேச வர்றாங்கடா! காபி அவங்க ஊர்ல கிடைக்காதா? இவங்ககிட்ட இத்தாலியன்ல பேசு. இப்பவே, என் எதிர்லயே பேசு."

கொசிமோ வீத்தோவைப் பார்த்தார். வீத்தோ 'உஷாரு' என்பதுபோல் கண்ணைக் காட்டினார். கொசிமோ தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹெல்வி பக்கம் திரும்பி, செய்தி வாசிப்பவர் தோற்றுப்போகும் சுத்தமான இங்கிலீஷில் பயணம் சுகமா, அறை வசதியா, எங்கள் ஊர் வெயில் ஒத்துக்கொள்கிறதா என்று வரிசையாக விசாரித்தார். முடித்துவிட்டு டீச்சரின் முகத்தைப் பார்த்தார். "ஒரு தப்புகூட இல்லை" என்று வீத்தோ மெதுவாகச் சொன்னார்.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஹெல்விக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ!

"போதும்! உங்க இங்கிலீஷ் யாருக்கு வேணும்? எனக்குக் கப்புச்சினோ வேணும்! மணி மூணானா என்ன, அஞ்சானா என்ன? என் வயிறு, நான் பார்த்துக்கறேன்! எங்க ஊர்ல சாப்பாட்டோடயே பால் குடிப்போம், தெரியுமா?"

கொசிமோவின் கண்கள் பிதுங்கின.

"சாப்பாட்டோடயா? மீன் சாப்பிடும்போதுமா?"

"மீனுக்கும்தான்!"

"கடவுளே! வீத்தோ, கேட்டியாடா இந்த அநியாயத்தை? ஏம்மா, நீங்கள்லாம் எப்படி உயிரோட இருக்கீங்க?"

"உங்களைவிட நல்லாவே இருக்கோம்! என் மாமனாருக்குத் தொண்ணூத்தி நாலு வயசு!"

"அவர் குளிர்ல கெட்டுப்போகாம இருக்கார்மா. அது பாலோட பெருமை இல்லை!" என்று நடுவில் புகுந்தார் வீத்தோ.

பத்து நிமிஷம் கடை அமளிதுமளிப்பட்டது. மூன்று பேர் கைகளும் காற்றில் பறந்தன. கடைசியில் கொசிமோ முணுமுணுத்துக்கொண்டே கப்புச்சினோ போட்டு, ஹெல்வி முன்னால் நங்கென்று வைத்தார்.

"குடிங்க. நாளைக்கு வயித்து வலின்னு என்கிட்ட வராதீங்க."

டீச்சர் ஹெல்வியைக் கட்டிக்கொண்டார். "இவ்வளவு நேரம் எந்த மொழியில சண்டை போட்டீங்கன்னு தெரியுதா? சம்பந்தியம்மாதான் இனி பயப்படணும்!"

ஹெல்விக்கு அப்போதுதான் உறைத்தது. பேசியது எல்லாம் இத்தாலியன். அவர்கள் பேசியதும் எல்லாம் புரிந்திருந்தது! சந்தோஷம் தாங்காமல் காபியை ஒரே மடக்கில் குடித்தாள். உதட்டு நுரையைத் துடைத்துக்கொண்டு கொசிமோவைப் பார்த்துச் சிரித்தாள்.

"இவ்வளவு அழகா இத்தாலியன்ல திட்டத் தெரிஞ்ச மனுஷன், டீச்சர் எதிர்ல நின்னு சொல்லியும் ஏங்க இங்கிலீஷ்லயே பேசினீங்க?"

"சரி சரி, நேரமாச்சு, கிளம்பலாம் ஹெல்வி" என்று டீச்சர் அவசரமாக அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

கொசிமோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். குரல் உள்ளே போய்விட்டது.

"சோதிச்சுப் பார்க்கறாங்களோன்னு பயந்துட்டோம்மா. எங்க பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சரா இருந்ததே இவங்கதான். வெளிநாட்டுக்காரங்க முன்னாடி இத்தாலியன்ல வாயைத் திறந்தா, கரும்பலகைக்குப் பின்னாடி நிக்க வெச்சிடுவாங்க!"